நேஷனல் மீட்டுக்கு ட்ரெய்ன் ஏறப்போற ஸ்டூடண்ட் ரன்னருக்கு: கிளம்புறதுக்கு முன்னாடி என்னென்ன, எந்த வரிசையில

டிஸ்ட்ரிக்ட் ஜெயிச்சு, ஸ்டேட்லயும் இடம் பிடிச்சு, முதல் தடவையா தமிழ்நாட்டை விட்டு வெளிய ஓடப்போற ஸ்கூல், காலேஜ் பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும்தான் இது. 800, 1500, 5000 மீட்டர் ஓடுறவங்களை மனசுல வச்சு எழுதுறேன், மத்த ஈவென்ட்காரங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும். உதாரணத்துக்கு டெல்லியை எடுத்துக்கிறேன், குளிர் காலம், சனிக்கிழமை காலையில ஹீட்ஸ், அதாவது ஃபைனலுக்கு ஆள் எடுக்கிற முதல் சுத்து. உங்க மீட் வேற ஊர், வேற கிழமைன்னா அதுக்கேத்த மாதிரி நகர்த்திக்கோங்க.

வரிசையை மட்டும் மாத்தாதீங்க. எல்லாரும் ட்ரெயினிங்ல ஆரம்பிச்சு, கடைசி நாள் ராத்திரி பையை அடுக்கும்போதுதான் சர்டிபிகேட்டைத் தேடுறாங்க. சிக்கலே அங்கதான்.

1. முதல்ல காகிதம், அப்புறம்தான் கால்

டீம்ல பேர் வந்த அன்னைக்கே உக்காந்து பாக்க வேண்டியது டாக்குமெண்ட். ஏன்னா நீங்க தனியா வேகப்படுத்த முடியாத ஒரே வேலை இதுதான். ஹெட்மாஸ்டர் லீவுல இருப்பார், யூனிவர்சிட்டி ஆபீஸ்ல ஒரு சீலுக்கு ரெண்டு நாள் ஆகும்.

எந்த மீட்ங்கிறதைப் பொறுத்து காகிதம் மாறும். ஸ்கூல் நேஷனல்னா ஹெட்மாஸ்டர் கையெழுத்து போட்ட எலிஜிபிலிட்டி ஃபார்ம், இன்டர் யூனிவர்சிட்டின்னா யூனிவர்சிட்டி வழியா போற ஃபார்ம், ஃபெடரேஷன் நடத்துற ஜூனியர் மீட்னா இந்திய அத்லெடிக்ஸ் ஃபெடரேஷன் ஒவ்வொரு வீரருக்கும் குடுக்கிற யுஐடி அடையாள நம்பர். எதுவா இருந்தாலும் பர்த் சர்டிபிகேட், ஆதார், பத்தாவது மார்க் ஷீட், போனஃபைடு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இவ்வளவும் ஒரிஜினலா கையில இருக்கணும், அதோட மூணு செட் ஜெராக்ஸ். போட்டோ எடுத்து போன்லயும் டிரைவ்லயும் போட்டு வைங்க, ஆனா அங்க டேபிள்ல உக்காந்திருக்கிறவர் போன்ல காட்டினா ஒத்துக்க மாட்டார், அந்தப் போட்டோ ஒரிஜினல் காணாமப் போனா கைகொடுக்கிறதுக்கு மட்டும்தான்.

நம்ம ஊர் பசங்களுக்குன்னே வர்ற தலைவலி இனிஷியல். ஆதார்ல இனிஷியல் முன்னாடி, மார்க் ஷீட்ல பின்னாடி, பர்த் சர்டிபிகேட்ல இனிஷியலே இல்லாம வெறும் பேரு, ஃபார்ம்ல பி.இ.டி. சார் அப்பா பேரை முழுசா சேர்த்து எழுதியிருப்பார். நமக்கு நாலும் ஒரே ஆள்தான். வடக்க இருக்கிற வெரிஃபிகேஷன் டேபிள்ல அது நாலு ஆள் மாதிரி தெரியும். அதனால எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க, பிறந்த தேதியையும் சேர்த்து. வித்தியாசம் இருந்தா என்ட்ரி போறதுக்கு முன்னாடியே மேனேஜர்கிட்ட சொல்லி, ஸ்கூல் லெட்டர்ஹெட்ல "இவரும் இவரும் ஒருத்தரே"ன்னு ஒரு கடிதம் வாங்கி வச்சிருங்க. ஆதார் திருத்தம் நாலு நாள்ல வரும்னு நம்பி உக்காராதீங்க.

வயசு பிரிவு மீட்னா இடது கை மணிக்கட்டுல எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பாக்கிறதும் நடக்கும். அதுக்குத் தயார் பண்ண ஒண்ணும் இல்ல, பயப்படாம போயிட்டு வாங்க.

இதே வாரத்துல காலேஜ்ல ஓ.டி. (ஆன் டியூட்டி) லெட்டரும் குடுத்துருங்க. திரும்பி வந்து கேட்டா இன்டர்னல் மார்க்குக்கு அலைய வேண்டியிருக்கும். பதினெட்டு வயசுக்குக் கீழன்னா அம்மா அப்பா கையெழுத்து போட்ட சம்மதக் கடிதமும் சேர்த்துக்கோங்க.

2. டிக்கெட்: ஓடுற நாள்ல இருந்து பின்னாடி எண்ணுங்க

சனிக்கிழமை காலை ஹீட்ஸ்னா வியாழக்கிழமை காலை டெல்லியில இறங்கியிருக்கணும். சென்ட்ரல்ல ராத்திரி 10 மணிக்குக் கிளம்புற தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல செவ்வாய் ஏறினா ரெண்டு ராத்திரி வண்டியில, வியாழன் காலையில ஊர். ரெண்டு முழு நாள் கையில இருக்கும்.

"வெள்ளி காலை இறங்கினா போதாதா அண்ணா"ன்னு கேப்பாங்க. போதாது. டிசம்பர், ஜனவரில வடக்க பனிமூட்டத்துல வண்டி மணிக்கணக்குல லேட் ஆகும். வெள்ளி காலை வர வேண்டிய வண்டி வெள்ளி ராத்திரி வந்தா, வெரிஃபிகேஷனும் போச்சு, தூக்கமும் போச்சு.

ரிசர்வேஷன் இப்ப 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, 2024 நவம்பருக்கு முன்னாடி 120 நாளா இருந்தது. டீம் லிஸ்ட் பல நேரம் அதுக்கு ரொம்பப் பிறகுதான் வரும். அதனால ஸ்டேட் மீட்ல செலக்‌ஷன் கிட்டத்தட்ட உறுதின்னு தெரிஞ்ச உடனே புக் பண்ணிருங்க, போகலைன்னா கேன்சல் சார்ஜ்தான் நஷ்டம். தட்கால்னா கிளம்புறதுக்கு முந்தின நாள், ஏசிக்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11, அதுக்கு ஆதார் இணைச்ச அக்கவுண்ட் வேணும், அதை அன்னைக்குக் காலையில பண்ண உக்காராதீங்க. ஆன்லைன்ல எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் சார்ட் போடும்போது கன்ஃபர்ம் ஆகலைன்னா தானாவே கேன்சல் ஆயிடும், அதை வச்சுக்கிட்டு ஏறிப் பாக்கலாம்னு கிளம்பக் கூடாது.

பெர்த் கேக்கும்போது அப்பர் கேளுங்க. லோயர் எல்லாரும் வந்து உக்கார்ற இடம், மிடிலை பகல்ல மடிச்சிருவாங்க. அப்பர்ல ஏறிட்டா மதியமும் காலை நீட்டலாம், யாரும் எழுப்ப மாட்டாங்க. உயரமான பசங்க சைடு பெர்த் எடுக்காதீங்க, நீளம் பத்தாது, முட்டியை மடக்கியே ரெண்டு ராத்திரி படுத்தா ஹேம்ஸ்ட்ரிங் பிடிச்சுக்கும்.

3. ஸ்பைக் ஷூவோட பின்னை வீட்லயே கழட்டி மாட்டிப் பாருங்க

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி செய்ய வேண்டிய வேலை இது, ட்ரெய்ன்ல இல்ல, ஸ்டேடியத்துல கண்டிப்பா இல்ல.

நம்ம ஊர்ல நிறைய பேர் மண் டிராக்ல ஓடிப் பழகினவங்க, 12 எம்எம் பின் போட்டிருப்பீங்க. சின்தெடிக் டிராக்ல அதிகபட்சம் 9 எம்எம்தான், ஹை ஜம்ப்புக்கும் ஜாவலினுக்கும் மட்டும் 12 வரைக்கும். சில ஸ்டேடியத்துல 6 எம்எம்தான் விடுவாங்க. ஓட்டக்காரங்க 6 போட்டுக்கிட்டா எங்கயும் பிரச்சினை இல்ல. ரேசுக்கு முன்னாடி பேர் கூப்பிட்டு செக் பண்ற கால் ரூம்ல (call room) ஸ்பைக்கைத் திருப்பிப் பாப்பாங்க, நீளமா இருந்தா அங்கயே மாத்தச் சொல்லுவாங்க.

அங்கதான் அடுத்த கூத்து. மண்ணும் வேர்வையும் சேர்ந்து பின் துருப்பிடிச்சு உள்ள இறுகியிருக்கும். ஸ்பேனரை வச்சுத் திருப்பினா பின்னோட தலை தேஞ்சு போயிருக்கிறதால ஸ்பேனர் மட்டும் சுத்தும், பின் அசையாது. கால் ரூம்ல நின்னுக்கிட்டு, கை நடுங்க, பக்கத்து ஸ்டேட் பையன்கிட்ட கட்டிங் பிளேயர் இருக்கான்னு கேட்டுக்கிட்டிருக்கிற பசங்களைப் பாத்திருக்கேன். வீட்ல இருக்கும்போதே ராத்திரி ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு சொட்டு தேங்காண்ணெய் விட்டு வைங்க, காலையில பழைய டூத் பிரஷ்ல மண்ணைத் தேய்ச்சு எடுத்துட்டு ஸ்பேனரை நேரா அழுத்திப் பிடிச்சுத் திருப்புங்க. அப்பவும் வரலைன்னா சைக்கிள் கடையில குடுங்க, அவங்ககிட்ட பிளேயர் இருக்கும். புதுசு மாட்டினதும் கையால ஆட்டிப் பாருங்க, ஆடக் கூடாது. ஸ்பேரா ஒரு செட் பின்னும் ஸ்பேனரும் சின்ன டப்பாவுல போட்டு ஸ்பைக் பைக்குள்ளயே வச்சிருங்க.

இன்னொண்ணு, அடி சோல் தடிமன். 2024 நவம்பர் 1ல இருந்து டிராக் ஓட்டத்துக்கு எல்லா தூரத்துக்கும் 20 எம்எம் வரைதான். ரோட்டுல ஓடுற கார்பன் பிளேட் ஷூ 40 எம்எம் வரைக்கும் இருக்கும், அதைப் போட்டு 5000 ஓடலாம்னு கடன் வாங்கிட்டு வர்றவங்க இன்னும் இருக்காங்க. ஓடி ஜெயிச்சாலும் ரிசல்ட் நிக்காது.

புது ஸ்பைக் வாங்கித் தர்றேன்னு யாராவது சொன்னா சந்தோஷமா வாங்கிக்கோங்க, அடுத்த மீட்டுக்கு. இந்த மீட்டுக்கு குறைஞ்சது மூணு நாலு வேக வொர்க்அவுட் பாத்த ஸ்பைக்தான். டீம் ஜெர்சி கடைசி நேரத்துலதான் கையில வரும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, வந்த உடனே போட்டு ஒரு 200 ஓடிப் பாருங்க, அக்குள்ல உரசினா வேஸ்லின்.

4. மாத்திரை, இருமல் சிரப், குளுக்கோஸ் ட்ரிப்

இதைப் பத்தி யாரும் ஒழுங்கா சொல்லித் தர்றதில்ல, அதனால நீளமாவே சொல்றேன். நேஷனல் மீட்னா நாடா (NADA, ஊக்கமருந்து தடுக்கிற தேசிய அமைப்பு) ஆளுங்க வந்து யூரின் சாம்பிள் கேக்கலாம், மைனரா இருந்தாலும் கேக்கலாம். தெரியாம சாப்பிட்டேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, உங்க உடம்புல இருந்தா பொறுப்பு உங்களோடதுதான்.

மெடிக்கல் ஷாப்புல "இருமலுக்கு ஒரு சிரப் குடுங்க"ன்னு கேட்டா தூக்கிக் குடுக்கிற நிறைய சிரப்புல டெர்பூட்டலின் இருக்கும். அது எல்லா நேரமும் தடை, மீட் இல்லாத நாள்லயும். வீசிங், அலர்ஜிக்குக் குடுக்கிற பிரெட்னிசோலோன் மாத்திரை போட்டி நேரத்துல தடை. டிராமடால் கலந்த வலி மாத்திரை 2024 ஜனவரி 1ல இருந்து போட்டி நேரத்துல தடை. போட்டி நேரம்னா ஓடுறதுக்கு முந்தின நாள் ராத்திரி 11:59ல ஆரம்பிக்குது. ஆனா ரெண்டு மூணு நாள் முன்னாடி போட்டது உடம்புல மிச்சம் இருந்து டெஸ்ட்ல வந்தாலும் சிக்கல்தான், அதனால "முந்தின நாள்தானே"ன்னு கணக்குப் போடாதீங்க.

அப்புறம் நம்ம ஊர் வழக்கம் ஒண்ணு, "டயர்டா இருக்கான், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திரலாம்." வேண்டவே வேண்டாம். நரம்பு வழியா 12 மணி நேரத்துல 100 மில்லிக்கு மேல எது ஏத்தினாலும் தடை, உள்ள இருக்கிறது வெறும் உப்புத் தண்ணியா இருந்தாலும். உண்மையிலயே உடம்பு முடியாம ஆஸ்பத்திரியில சேர்ந்து நடக்கிற சிகிச்சை வேற விஷயம், அதுக்கு டிஸ்சார்ஜ் பேப்பர் எல்லாம் பத்திரமா வைக்கணும். தெம்புக்காக கிளினிக்ல போய் ஏத்திக்கிறது அதுல வராது.

ஆஸ்துமா உள்ளவங்க சால்பூட்டமால் இன்ஹேலர் எடுக்கலாம், 24 மணி நேரத்துல 1600 மைக்ரோகிராமுக்குள்ள, அதுலயும் எந்த 8 மணி நேரத்துலயும் 600 தாண்டாம. டாக்டர் சீட்டைக் கூடவே வைங்க. டெல்லி குளிர் காலக் காத்து எப்படி இருக்கும்னு தெரியுமே, இன்ஹேலரை மறந்துட்டு வந்து அங்க தேடக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான்: வீட்ல இருக்கும்போதே பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., பேண்டேஜ், வயித்துக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது, இதையெல்லாம் ஒரு பவுச்ல போட்டு, ஒவ்வொரு மருந்து பேரையும் நாடாவோட நோ யுவர் மெடிசின் ஆப்ல பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க. ட்ரெய்ன்ல பக்கத்து சீட்டு அங்கிள் அன்பா குடுக்கிற மாத்திரைக்கு "பரவால்லங்க அங்கிள்". ஜிம்ல விக்கிற பவுடருக்கும் அதே பதில்தான்.

பொண்ணுங்களுக்கு ஒண்ணு: டேட் தள்ளிப்போக மாத்திரையை முதல் தடவையா இந்த மீட்டுக்குன்னு ஆரம்பிக்காதீங்க, உடம்பு எப்படி எடுத்துக்கும்னு தெரியாது. அவசியம்னா ஒரு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட பேசுங்க. தேதி இல்லைன்னாலும் பேட் பையில இருக்கணும்.

5. கடைசி வாரம் புதுசா ஒண்ணும் சம்பாதிக்க முடியாது

இப்ப செய்ற கடுமையான வொர்க்அவுட்டோட பலன் கிட்டத்தட்ட பத்து நாள் கழிச்சுதான் கால்ல தெரியும், களைப்பு மட்டும் நாளைக்கே தெரியும். அதனால கடைசி வாரத்துல தூரத்தைக் குறைங்க, வேகத்தைக் குறைக்காதீங்க.

800 ஓடுறவங்களுக்கு நான் போடுற கணக்கு இப்படி: ஞாயிறு காலை ரேஸ் வேகத்துல ரெண்டு 300, நடுவுல முழு ரெஸ்ட். திங்கள் இருபது நிமிஷம் மெதுவா. செவ்வாய் காலை ஜாக்கும் நாலு ஸ்ட்ரைடும் (சின்ன தூரத்துக்கு இலகுவா வேகமெடுத்து ஓடுறது), ராத்திரி ட்ரெய்ன். புதன் வண்டியிலயே போயிடும், அதுதான் உங்க ரெஸ்ட் டே, வீணாப் போன நாள்னு நினைக்காதீங்க. 5000 ஓடுறவங்க ஞாயிறு நாலு 1000, அதுவும் ரேஸ் வேகத்தை தாண்டாம.

கிளம்புற அன்னைக்கு சாயங்காலம் "கடைசியா ஒரு தடவை டைம் பாத்துருவோம்"னு டைம் டிரையல் ஓடுறாங்க பாருங்க, அதைத் தடுக்கிறதுதான் கோச்சுக்குப் பெரிய வேலை. நல்ல டைம் வந்தா அங்கயே செலவாயிடுச்சு, மோசமா வந்தா ரெண்டு ராத்திரி அதையே நினைச்சுக்கிட்டுப் படுத்திருப்பீங்க.

6. ரெண்டு பை, கலக்கக் கூடாது

சின்ன பையில: ஸ்பைக், பின் டப்பா, ரேஸ் ஜெர்சி ஷார்ட்ஸ், ஒரு ஜோடி சாக்ஸ், டாக்குமெண்ட் ஃபைல், மருந்து பவுச், எட்டு சேஃப்டி பின். செஸ்ட் நம்பருக்கு நாலு மூலையிலயும் குத்தணும், அங்க குடுக்கிற பின் துருப்பிடிச்சிருக்கும் இல்ல ரெண்டுதான் இருக்கும். இந்தப் பை தலைக்குக் கீழ, பாத்ரூம் போனாலும் டீம்ல ஒருத்தர் மடியில.

மத்ததெல்லாம் பெரிய பையில போட்டு, சீட்டுக்கு அடியில செயின் போட்டுப் பூட்டுங்க. பெரிய பை தொலைஞ்சாலும் நீங்க ஓடலாம், அதுக்குத்தான் ரெண்டா பிரிக்கிறது.

தங்குற இடம் பல நேரம் ஸ்கூல் கிளாஸ் ரூம், தரையில மெத்தை. பெட்ஷீட், கனமான போர்வை, குல்லா, கையுறை, ரெண்டு ஃபுல் கை டி-ஷர்ட், காதுல வைக்க பஞ்சு. சென்னை பசங்க ஒரு மெல்லிசு டிராக் சூட்டோட வந்து ராத்திரி பூரா நடுங்கிட்டு காலையில ஓடுறதைப் பாக்கவே கஷ்டமா இருக்கும்.

7. ட்ரெய்ன்ல

சாப்பாடு முதல் நாளுக்கு வீட்ல இருந்து. எண்ணெய் மிளகாய்ப்பொடி தடவின இட்லி மறுநாள் காலை வரை தாங்கும், புளிசாதம் மதியம் வரை. தேங்காய் சட்னி, தயிர்சாதம் வேண்டாம், கெட்டுப்போகும். கூட வாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய், பொட்டுக்கடலை. அதுக்கப்புறம் வாங்கித்தான் சாப்பிடணும்னா சூடா இருக்கிற சாதம், பருப்பு, சப்பாத்தி. பிளாட்பாரத்துல வெட்டி வச்ச பழம், சமோசா, முட்டை பிரியாணி எல்லாம் திரும்பி வரும்போது.

தண்ணியை வேணும்னே குடிக்காம இருப்பாங்க, ட்ரெய்ன் டாய்லெட் போகப் பிடிக்காம, பொண்ணுங்க குறிப்பா. ரெண்டு ராத்திரி அப்படி இருந்தா இறங்கும்போதே தலைவலி, மலச்சிக்கல். சீல் போட்ட பாட்டில் வாங்கி கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருங்க.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து கோச் நீளத்துக்கு ரெண்டு நடை, நின்னுக்கிட்டே இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்க. உக்காந்தே இருந்தா கணுக்கால் வீங்கும், கெண்டைக்கால் இறுகும். நாக்பூர், போபால் மாதிரி வண்டி கொஞ்சம் நிக்கிற இடத்துல இறங்கி உங்க கோச் வாசல் பக்கத்துலயே நடங்க. ஜாகிங் எல்லாம் வேண்டாம், வண்டி கிளம்பினா ஓடி ஏறுறது உங்க ஈவென்ட் இல்ல.

8. இறங்கின நாளும் அடுத்த நாளும்

இறங்கின உடனே தூங்காதீங்க. குளிச்சு, சாப்பிட்டு, முதல்ல வெரிஃபிகேஷன் முடிச்சு செஸ்ட் நம்பர் வாங்குங்க. ஸ்டார்ட் லிஸ்ட்ல உங்க பேரு, ஈவென்ட், ஹீட் சரியா இருக்கான்னு நீங்களே கண்ணால பாருங்க, தப்பு இருந்தா டெக்னிக்கல் மீட்டிங்ல மேனேஜர் பேசி சரி பண்ண வாய்ப்பு இருக்கும், ஓடுற அன்னைக்குக் காலையில யாரும் கேக்க மாட்டாங்க.

சாயங்காலம் இருபது நிமிஷம் ஜாக், நாலு ஸ்ட்ரைடு. கால் மரக்கட்டை மாதிரி இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான், மறுநாள் சரியாயிடும்.

வெள்ளிக்கிழமை, நாளைக்கு எந்த நேரத்துக்கு ஓடணுமோ அதே நேரத்துக்கு வார்ம் அப் டிராக்குக்குப் போய் முழு வார்ம் அப்பும் செஞ்சு பாருங்க, கடைசியில ரேஸ் வேகத்துல ஒரே ஒரு 200. அப்படியே தங்குற இடத்துல இருந்து எவ்வளவு நேரம், டாய்லெட் எங்க, கால் ரூம் எங்க, கேட் எதுன்னு பாத்து வைங்க. அந்தக் குளிர்ல உடம்பு சூடாக நம்ம ஊரைவிட பத்து நிமிஷமாவது கூட ஆகும், அது எவ்வளவுன்னு இன்னைக்கே தெரிஞ்சுக்கணும்.

மெஸ் சாப்பாட்டுல வாசனையிலயே தெரியும் கடுகெண்ணெய், சில பேருக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது. வெறும் சாதம், பருப்பு, தயிர் கேளுங்க. ராஜ்மா, சோலே எல்லாம் ஓடி முடிச்சப்புறம். தூக்கத்தைப் பொறுத்தவரை வியாழன் ராத்திரி நல்லா தூங்குங்க. வெள்ளி ராத்திரி படபடப்புல சரியா வராது, வரலைன்னாலும் பெருசா பாதிக்காது, கண்ணை மூடிப் படுத்திருந்தா போதும்.

9. ஓடுற காலைக்கு ஒரு துண்டுச் சீட்டு

ஹீட்ஸ் 9:40ன்னு வைங்க. அதுல இருந்து பின்னாடி எண்ணி ஒரு பேப்பர்ல எழுதி பையில ஒட்டிருங்க: 6:15 எழுந்திருக்கணும், 6:45 பழகின சாப்பாடு, 8:15 வார்ம் அப் ஆரம்பம், 9:10 கால் ரூம். கால் ரூம் நேரம் மீட்டுக்கு மீட் மாறும், நோட்டீஸ் போர்டுல போட்டிருப்பாங்க, அதைப் பாத்து மாத்திக்கோங்க. ரேஸ் நேரம் மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு வார்ம் அப் பண்ணிக்கிட்டே கால் ரூமை விட்டுட்டு, வெளிய நின்னு அழுறவங்க ஒவ்வொரு மீட்லயும் உண்டு. மைக்ல ஹிந்தியில கூப்பிடுவாங்க, காதுல விழாது, புரியாது, மைக்கை நம்பாதீங்க, வாட்ச்சை நம்புங்க.

போன், இயர்போன் உள்ள விட மாட்டாங்க, முன்னாடியே யார்கிட்டயாவது குடுத்துருங்க. டிராக் பேண்டை ஸ்டார்ட்டுக்குப் போற வரைக்கும் கழட்டாதீங்க. ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது துப்பாக்கி சத்தத்துக்கு முன்னாடியே கிளம்புறது, ஒண்ணுதான், முதல் தடவையே வெளிய, "ஒரு வார்னிங் உண்டு"ன்னு பழைய சீனியர் சொன்னா கேக்காதீங்க.

10. திரும்புற டிக்கெட்

ஃபைனல் நடக்கிற நாளுக்கு மறுநாள் போடுங்க. ஹீட்ஸ் அன்னைக்கு ராத்திரிக்கே டிக்கெட் போட்டுட்டு, ஃபைனலுக்கு வந்துட்டா என்ன பண்றதுன்னு முழிக்கிறவங்க இருக்காங்க. கிளம்புறதுக்கு முன்னாடி சர்டிபிகேட்டைக் கையில வாங்கி ஈவென்ட், இடம், சீல், கையெழுத்து எல்லாம் இருக்கான்னு பாருங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல அட்மிஷனுக்கோ வேலைக்கோ போகும்போது இதை வச்சுத்தான் அதுக்கான ஸ்போர்ட்ஸ் ஃபார்மை வாங்கணும், அப்புறம் போஸ்ட்ல அனுப்புறோம்னு சொன்னா மேனேஜரை விட்டு அங்கயே கேக்கச் சொல்லுங்க.